நாலு போர்ஷன் வீடு: எது ஓனர் வேலை, எது குடித்தனக்காரர் வேலை, எது பொது வேலை?

கடலூரில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு கிடையாது. என்எல்சியில் ஓய்வுபெற்றவரோ, வளைகுடாவில் பல வருடம் உழைத்துத் திரும்பியவரோ, கையில் இருந்த பணத்தில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று போர்ஷன் பிரித்துக் கட்டிய வீடுகள்தான் செம்மண்டலத்திலும் வண்டிப்பாளையத்திலும் பாதிரிக்குப்பத்திலும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. கட்டும்போது எந்தக் கம்பி, எந்த சிமென்ட், எந்த டைல்ஸ் என்று பத்துப் பேரிடம் விசாரிப்பவர்கள், டு-லெட் போர்டு மாட்டியபின் என்ன செய்யவேண்டும் என்று யாரையும் கேட்பதில்லை. மாதாமாதம் வாடகை வரும், ஏதாவது உடைந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

ஒரு குடும்பத்துக்குத் தனி வீட்டை விடுவது எளிது. காம்பவுண்டுக்குள் இருக்கும் குழாய், மோட்டார், மொட்டை மாடி எல்லாம் அவர்கள் புழக்கத்தில்தான் இருக்கும். நான்கு குடும்பம் வந்துவிட்டால் வீடு மூன்று பகுதியாகப் பிரிகிறது. கதவுக்கு உள்ளே இருப்பது அந்தந்தக் குடித்தனக்காரரின் புழக்கம். சுவர், கூரை, பைப் லைன், வயரிங் ஆகியவை கட்டடம், அதாவது ஓனர் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டி, மோட்டார், மாடிப்படி, செப்டிக் டேங்க், வண்டி நிறுத்துமிடம் என்று யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத, எல்லாருக்கும் தேவையான ஒரு பகுதி இருக்கிறது. ஓனர்கள் "குடித்தனக்காரர் தொல்லை" என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த நடுப்பகுதியில்தான் பிறக்கிறது. மேல் வீட்டுக்காரருக்கும் கீழ் வீட்டுக்காரருக்கும் குணம் ஒத்துப்போகவில்லை என்று நினைக்கிறோம். கொஞ்சம் கிளறிப் பார்த்தால், மோட்டாரை யார் போடுவது, அந்தக் கரன்ட் பில்லை யார் கட்டுவது என்று யாரும் முடிவு செய்திருக்கமாட்டார்கள்.

சட்டம் எப்படிப் பிரிக்கிறது?

முதல் இரண்டு பகுதிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் சட்டமே பேசுகிறது. நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தோடு போய்விட்டது. இது தமிழ்நாட்டு நகர்ப்புறங்களுக்கான சட்டம் என்பதால் கடலூர் மாநகராட்சிக்குப் பொருந்தும். பெண்ணையாற்றைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

இந்தச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அதை வாடகை ஆணையத்தில் பதிவும் செய்யவேண்டும். அதற்குத் தனி இணையதளம் உண்டு. 'பதினோரு மாசத்துக்கு இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொண்டால் போதும்' என்ற பழைய பழக்கம் இப்போது போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற பழைய பதிவுச் சட்டத்தைச் சுற்றிப்போக வந்த பழக்கம் அது. புதிய சட்டத்தில் காலம் எவ்வளவாக இருந்தாலும் எழுத்தும் பதிவும் தேவை.

சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. புதிதாக வீடு விடுபவர்கள் அவசியம் படிக்கவேண்டிய பக்கம் அதுதான். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், தேவைப்படும்போது பைப் லைனையும் வயரிங்கையும் மாற்றுவது ஓனர் கணக்கில் வருகின்றன. குழாய் வாஷர், குழாய், வாஷ்பேசின், கழிப்பறைச் சாதனங்களின் பழுது, ஸ்விட்ச், பிளக் பாயின்ட், தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, உள் வடிகால் அடைப்பு ஆகியவை குடித்தனக்காரர் கணக்கு. இரு தரப்பும் பேசி வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம். எழுதாமல் விட்டால் இந்த அட்டவணைதான் பேசும்.

இதில் பலருக்கு வியப்பாக இருப்பது பெயின்ட். காலி செய்யும்போது "பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகை" என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது நம் ஊர்களில் எழுதாத வழக்கமாகவே இருக்கிறது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதவில்லை என்றால் அதைக் கேட்க ஓனருக்குப் பிடிமானம் இல்லை. என் கருத்தில் அப்படி எழுதுவதும் நியாயமில்லை. மூன்று வருடம் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். அது சாதாரணத் தேய்மானம், அதற்காகத்தான் வாடகை வாங்கினோம். சுவரில் பெரிய ஓட்டை, உடைந்த டைல்ஸ், பிடுங்கிய கதவு என்றால் அது சேதம், அதைக் கழிக்கலாம். எது முன்பே இருந்தது, எது புதிது என்ற சண்டை வராமல் இருக்க, சாவி கொடுக்கும் நாளிலேயே இரண்டு பேரும் சேர்ந்து நின்று ஒவ்வோர் அறையையும் போனில் வீடியோ எடுத்து, அதை அவருக்கும் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் பற்றி இந்தச் சட்டம் பேசும் அளவு மூன்று மாத வாடகை. வீட்டைக் காலி செய்தபின் கழிக்க வேண்டியதைக் கழித்து ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அட்வான்ஸை எடுத்துச் செலவழித்துவிட்டு, அடுத்தவர் அட்வான்ஸ் தந்தால்தான் முந்தையவருக்குத் தரமுடியும் என்ற நிலையில் இருக்காதீர்கள். அதைத் தனியாக வங்கியில் போட்டுவைப்பதே முறை.

நடுப்பகுதி: தண்ணீர், மோட்டார், செப்டிக் டேங்க்

சட்டம் விரிவாகப் பேசாத இடம் இது. நீங்கள்தான் விதி வகுக்கவேண்டும்.

தண்ணீரில் ஆரம்பிப்போம். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். நாலு போர்ஷன், போர்ஷனுக்கு நாலு பேர் என்றால் 16 பேர், ஏறக்குறைய 2,160 லிட்டர். மாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று மட்டும் இருந்தால் நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் நிரப்பியாக வேண்டும். காலை ஏழரைக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது குழாய் நின்றுபோகும் வீட்டில் யார் பொறுமையாக இருப்பார்கள்? போர்ஷனுக்கு ஒரு சிறு தொட்டி, தனித்தனிப் பைப் என்று கட்டும்போதே வைத்துவிட்டால் பாதிச் சண்டை போய்விடும். மேல் வீட்டு கழிப்பறைத் தொட்டி இரவெல்லாம் ஒழுகினால் அவர்கள் தொட்டிதான் காலியாகும், அவர்களே பிளம்பரைக் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே ஒரே தொட்டி என்றால் பெரிய தொட்டியாக மாற்றி, நீர்மட்டம் பார்த்துத் தானே ஓடி நிற்கும் மோட்டார் கன்ட்ரோலர் ஒன்று போடுங்கள். "மோட்டார் போட்டுவிட்டு மறந்துட்டாங்க, தண்ணி வழியுது" என்ற பேச்சே வராது.

அடுத்து அந்த மோட்டாரின் கரன்ட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். தினமும் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட். பல வீடுகளில் இந்த மோட்டாரைக் கீழ் வீட்டு மீட்டரிலேயே இணைத்துவிட்டு, "பில்லில் கொஞ்சம் பிரிச்சுக்கோங்க" என்பார்கள். இது செய்யக்கூடாத காரியம். நம் வீட்டு மின்கட்டணத்தில் ஓர் அளவு வரை யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 500-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு மட்டும் அல்லாமல் கீழ்ப் படிகளுக்கான கணக்கும் கூடிவிடும். கீழ் வீட்டுக்காரர் சொந்தமாக 420 யூனிட் செலவழிக்கிறார், அதோடு மோட்டாரின் 120 சேர்ந்து 540 ஆகிறது என்று வையுங்கள். 120 யூனிட்டின் விலையை மட்டும் நாலாகப் பிரித்துக் கொடுத்தால் அவர் நஷ்டப்படுகிறார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. போர்ஷனுக்கு ஒரு மீட்டர், மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொது இணைப்பு ஒன்று, அந்த பில் ஓனருடையது அல்லது சமமாக நாலு பங்கு என்று வைத்துக்கொள்வதே சரி. என்னைக் கேட்டால் அதை வாடகையிலேயே சேர்த்துவிடுவது நல்லது. இருநூறு ரூபாய்க்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்கு கதவைத் தட்டும் வேலை மிச்சம்.

பாதாள சாக்கடை இணைப்பு இல்லாத தெருவில் செப்டிக் டேங்க் இன்னொரு தலைவலி. ஒரு குடும்பத்தை நினைத்துக் கட்டிய தொட்டி, மேலே மாடி எழும்பி நாலு குடும்பமானதும் சீக்கிரம் நிரம்பும். நிரம்பி வழிவதை முதலில் அனுபவிப்பவர் கீழ் வீட்டுக்காரர். அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்துவிடவேண்டும். இதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எந்தச் சூழ்நிலையிலும் எந்த மனிதரையும் அந்தத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் வாயு ஒரே மூச்சில் ஆளை மயக்கிவிடும், காப்பாற்ற இறங்குபவரும் பிழைப்பதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் செப்டிக் டேங்க் வேலைக்கு ஆளை வைப்பது தண்டனைக்குரிய குற்றம். "நான் பார்த்துக்கிறேன் சார், லாரி வேணாம்" என்று ஒருவர் வந்து நின்றாலும் அனுப்பிவிடுங்கள்.

வண்டி நிறுத்துமிடம், மொட்டை மாடியில் துணி காயப்போடுவது, குப்பை வைக்கும் இடம் போன்றவற்றுக்கு ஒரு தாளில் நாலு வரி எழுதி ஒப்பந்தத்தோடு இணைத்தால் போதும். எத்தனை பைக், கார் உண்டா இல்லையா என்பதை மட்டும் குடிவருமுன்பே கேட்டுவிடுங்கள்.

கட்டடம்: உப்பும் மழையும்

கடலூரில் ஓனர் பொறுப்பில் வரும் பகுதிக்கு இரண்டு எதிரிகள். தேவனாம்பட்டினத்திலிருந்து முதுநகர் வரை கடலை ஒட்டியிருக்கும் ஊர் இது. காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கும். முதலில் இது தெரிவது சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனி விளிம்பு, குளியலறைக் கூரை. மயிரிழை விரிசல், பழுப்புக் கறை, அப்புறம் காரை பெயர்ந்து விழுவது என்று வரிசையாக வரும். விழுந்த இடத்தில் சிமென்ட் பூசி மூடுவது மட்டும் போதாது, உள்ளே துரு வேலை செய்துகொண்டேயிருக்கும். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டித் துரு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூடவேண்டும். பூச்சுவேலைக்கு உப்பான போர்வெல் நீரைக் கலந்தால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து பெயின்ட் உரியும். கொத்தனார் எந்தத் தண்ணீரை எடுக்கிறார் என்று நின்று பாருங்கள்.

மழை வடகிழக்குப் பருவத்தில் மொத்தமாக வரும். புரட்டாசி பிறக்கும் முன்பே மொட்டை மாடி வேலைகளை முடித்துவிடவேண்டும். மாடியில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் இலையும் மண்ணும் அடைத்திருக்கும், எடுங்கள். தட்டோட்டின் இணைப்புகளிலும், மாடியும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையிலும்தான் கசிவு ஆரம்பிக்கும். கார்த்திகை மழையில் கொட்டும்போது எந்தக் கொத்தனாரும் வரமாட்டார், வந்தாலும் ஈரத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் செய்தால்தான் நிற்கும்.

காற்றையும் மறக்கக்கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது தகரக் கொட்டகைகளின் கதி என்னவானது என்பதைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மாடியில் வாடகைக்காகத் தகர ஷீட் போட்டு ஓர் அறை எடுத்திருந்தால் அதன் போல்ட்டுகளை வருடா வருடம் பாருங்கள். வெள்ளமும் அப்படித்தான். 2015-லும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருகியபோதும் தாழ்வான பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. உங்கள் வீட்டில் தண்ணீர் ஏறியது உண்டென்றால், தரைத்தளத்துக்கு வருபவரிடம் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைச் சொல்லிவிட்டு வாடகை பேசுங்கள். மறைத்துவிட்டு வாங்கும் வாடகை நேர்மையான வாடகை இல்லை. மீட்டர் போர்டையும் பிளக் பாயின்ட்டுகளையும் அந்த மட்டத்துக்கு மேலே ஏற்றுங்கள், மோட்டாரை மேடை கட்டி வையுங்கள். வெள்ளம் வடிந்தபின் சம்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்ட பிறகே தண்ணீரைப் புழங்கவிட வேண்டும்.

புகார் வந்தால்

"ஓயாம ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்று சலித்துக்கொள்ளும் ஓனர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சொல்லாத குடித்தனக்காரரைப் பார்த்தால்தான் பயம். குளியலறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று முதல் மாதமே சொல்பவர் உங்களுக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்துகிறார். "ஓனர்கிட்ட சொன்னா என்ன ஆகப்போகுது" என்று ஒரு வருடம் சும்மா இருப்பவர் வீட்டில் கம்பி வரைக்கும் ஈரம் போயிருக்கும்.

எல்லாப் புகாருக்கும் ஒரே அவசரம் கிடையாது. ஸ்விட்சைத் தொட்டால் ஷாக், சுவர் ஈரத்தில் கரன்ட், கழிவுநீர் வீட்டுக்குள் எதிர்த்து வருவது, தண்ணீரே வராதது ஆகியவற்றுக்கு அந்த மணி நேரமே ஆளை அனுப்பவேண்டும். போர்ஷன் ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்டிருந்தால் ஷாக் விஷயத்தில் உயிர் தப்பும். கடலோர ஈரக்காற்றில் இதைத் தவிர்க்கவே கூடாத செலவு என்பேன். கதவு இழுக்கிறது, ஜன்னல் சரியாக மூடவில்லை என்பதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். எப்படி இருந்தாலும் பதில் அன்றே போகட்டும். "பிளம்பர் வியாழக்கிழமை வருவார்" என்று ஒரு வரி அனுப்பினால் மனிதர்கள் வியாழக்கிழமை வரை பொறுப்பார்கள்.

நீங்கள் செய்யவேண்டிய பழுதை அறிவித்த பிறகும் செய்யாமல் விட்டால், குடித்தனக்காரர் தானே செய்துகொண்டு வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது, ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மிகாமல்.

பழுது பார்க்க உள்ளே போவதற்கும் முறை உண்டு. சட்டம் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லச் சொல்கிறது. கீழேயே குடியிருக்கும் ஓனர்கள் இதில் கவனமாக இருக்கவேண்டும். நம் வீடுதானே என்று சொல்லாமல் மேலே போய்க் கதவைத் தட்டுவது, வந்த விருந்தாளி யார் என்று கேட்பது, சமையல் வாசனையை வைத்துப் பேச்செடுப்பது எல்லாம் அவர்கள் வாடகை கொடுத்து வாங்கிய நிம்மதியைக் கெடுப்பவை. "ஓனர் இருக்கிற வீடு வேண்டாம்" என்று தரகரிடம் சொல்லிவிட்டே வீடு தேடும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் சும்மா சொல்லவில்லை.

வாடகை நின்றுபோனால்

தேதி தாண்டி ஐந்து நாளில் அமைதியாகக் கேளுங்கள். பணம் வராததற்குக் காரணம் என்னவென்று பாதி நேரம் அப்போதே தெரிந்துவிடும். சம்பளம் தள்ளிப்போனவருக்கு இரண்டு தவணை தரலாம், அதை வாட்ஸ்அப்பிலாவது எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்துவிட்டால், அது வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கும் காரணங்களில் ஒன்று. ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கோரவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் கரன்டைப் பிடுங்குவது, தண்ணீர் வால்வை மூடுவது, பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவது ஆகியவற்றில் இறங்காதீர்கள். அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக்கூடாது என்று சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகும் குழந்தை இருக்கும், படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருப்பார்.

பணம்

வருகிற வாடகை முழுவதும் வருமானம் என்று நினைக்காதீர்கள். போர்ஷனுக்கு 8,000 என்றால் மாதம் 32,000. பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டால் மாதம் 3,200, வருடத்துக்கு 38,400. சில வருடம் அதில் பாதிகூடச் செலவாகாது. மாடி முழுவதும் நீர்க்காப்புப் பூச்சு போடும் வருடத்தில் எல்லாம் தேவைப்படும். இதோடு ஒரு போர்ஷன் ஒன்றிரண்டு மாதம் காலியாக இருக்கும் வாய்ப்பையும் கணக்கில் எடுங்கள். வீட்டுக் கடன் தவணையை நாலு வாடகையும் தவறாமல் வரும் என்று நம்பிப் போட்டவர்கள்தான் மழைக்கு முன் மாடியைப் பார்க்கப் பணமில்லாமல் தவிக்கிறார்கள். வருமான வரியில், கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்பு போன்ற செலவுகளுக்கென்று கழித்துக்கொள்ளலாம், உண்மையில் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று காட்டவேண்டியதில்லை.

ஒரு குடும்பம் காலி செய்து அடுத்த குடும்பம் வருவதற்குள் கிடைக்கும் பத்துப் பதினைந்து நாள்தான் பெரிய வேலைகளுக்கு ஏற்ற நேரம். மறுநாளே ஆளை வைக்க அவசரப்படாமல், எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த்தையும் ஆர்சிசிபியையும் சோதியுங்கள், எல்லாக் குழாயையும் திறந்து மூடிப் பாருங்கள், குளியலறைத் தரையில் தண்ணீரைத் தேக்கி ஒருநாள் விட்டுக் கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள், ஜன்னல் கம்பிகளைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடியுங்கள். வெள்ளையடிப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். முதலில் அடித்துவிட்டால் பிளம்பர் சுவரை உடைத்த பிறகு இன்னொரு தடவை அடிக்க வேண்டியிருக்கும்.